பள்ளித் தோட்டம்: டீச்சர்களும் பெற்றோரும் கேட்டவை

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பிள்ளைகளோடு பாத்தி கட்டியே ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இன்று பதில்.

ஜெலுத்தோங் ஆசிரியை: எங்கள் பள்ளியில் எல்லாம் சிமெண்டுத் தரை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எதில் தொடங்கலாம் ஐயா?

கங்கோங், அதாவது வள்ளைக்கீரை, டீச்சர். விதை சின்ன விரலுக்குப் பிடிபடும். முளைக்கீரை விதையோ ஒரு தும்மலில் பறந்துவிடும். முதல்நாள் இரவு ஊறவைத்து, பாலிபேக்கில் அரை அங்குல ஆழத்தில் போட்டால் மூன்று நான்கு நாளில் முளைக்கும், நான்கு வாரத்தில் அறுக்கலாம். ஏழு வயதுப் பொறுமை அதற்கு மேல் தாங்காது. வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

பிறை ஆசிரியர்: பாடத்தை முடிக்கவே நேரமில்லை. தோட்டத்துக்கு ஏது சார்?

கணித வேளையை எடுங்கள். 20 விதையில் 17 முளைத்தால் எத்தனை விழுக்காடு? பயற்றங்கொடி தினம் எவ்வளவு ஏறியது? பட்டைக் குறிவரைவு தானாக வந்துவிடும். தமிழ் வேளைக்கும் இடமுண்டு. ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்றேன். நோஞ்சானாய் முளைத்த வெண்டைதான் அதிகம் காய்த்தது என்று ஒரு வாண்டு என்னையே மடக்கியது.

ஆயர் ஈத்தாம் தாய்: தோட்டம் என்றாலே டெங்கி பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான் அம்மா. ஏடிஸ் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தொட்டிக்கு அடித்தட்டு வைக்க வேண்டாம், பூவாளியைக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைத் தேடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், பெரியவர்களைவிடக் கண் கூர்மை. நான் கூடுதலாகப் பயப்படுவது மழைக்குப் பின் வரும் பெரிய நத்தைக்கு. அதிலுள்ள புழு மனித மூளை வரை போகக்கூடியது. வெறுங்கையால் தொடக்கூடாது, பறித்த இலையைப் பச்சையாகத் தின்னவும் கூடாது.

புக்கிட் மெர்தாஜாம் தந்தை: மகன் செடிக்கு ஆசையாய்த் தண்ணீர் ஊற்றுகிறான். தட்டில் கீரை வைத்தால் ஒதுக்குகிறான்.

இதில் நான் பல வருடம் தவறு செய்தேன். வைட்டமின் பாடம் நடத்தினேன். சுகாதார அமைச்சின் ‘சுக்கு-சுக்கு செபாரோ’ தட்டை வரையச் சொன்னேன்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, மீதிப் பாதி காயும் பழமும். (சுக்குக் கஷாயமா என்று ஒரு பாட்டி கேட்டார்.) அழகாக வரைந்துவிட்டு, ஓய்வு நேரத்தில் நாசி லெமாக்கின் வெள்ளரித் துண்டைத் தூக்கி எறிந்தார்கள்.

பிறகு பேச்சைக் குறைத்தேன். அறுத்த அன்றே அடுப்பு வைத்து, பூண்டு தட்டிப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினோம். நட்டவனே எல்லாருக்கும் பரிமாறுவான். சாப்பிடச் சொல்ல மாட்டேன். ஒருவன் முதல் அறுவடையில் மோந்து பார்த்தான், இரண்டாவதில் நுனி நாக்கில் வைத்தான், மூன்றாவதில் தட்டை நீட்டினான். புதுக் காய் நாக்குக்குப் பழக எட்டு பத்து முறைகூட ஆகும். ‘கீரை தின்றால் மிட்டாய்’ என்று மட்டும் பேரம் பேசாதீர்கள் தம்பி. கீரை அன்றைக்கே தண்டனையாகிவிடும்.

பாயான் பாரு ஆசிரியை: பள்ளி விடுமுறையில் எல்லாம் காய்ந்துபோகிறதே?

விடுமுறைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள், முந்தின வாரமே அறுத்துவிடலாம். கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப்புல்), பண்டான் (ரம்பை) தாங்கும். மற்றதற்குக் காவலாளி அண்ணனிடம் சொல்லி வையுங்கள், பறிப்பது அவர் வீட்டுக்கு என்று.