பாம்பன் அக்கா பதில்கள்: குரூப்பில் கட்சிச் சண்டை

*எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டு தரப்பும் இருக்கிறார்கள். காற்று எச்சரிக்கை போட்டால், கொஞ்ச நேரத்தில் கட்சி வீடியோக்கள் விழுந்து அதை மூடிவிடுகின்றன. ‘இங்கே அரசியலே பேசக் கூடாது’ என்று போட்டுவிடலாமா அக்கா?*
– வாசகர், தங்கச்சிமடம்

போடலாம் தம்பி, நாலு நாள் தாங்கும். அஞ்சாம் நாள் யாராவது ஒருத்தர் படகை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போகும். அதைப் பேசினால் அரசியல். பேசாவிட்டால் அப்புறம் குரூப் எதற்கு? டீசல் மானியம், தடைக்கால நிவாரணம், கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு எல்லாமே அரசியல்தானே! இன்னொன்றும் கவனியுங்கள். ‘அரசியல் வேண்டாமே’ என்று முதலில் சொல்கிறவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரராக இருப்பார். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான்.

எங்கள் கருவாட்டு வியாபாரிகள் குரூப்பில் விஷயத்தைப் பேசலாம், ஆளைப் பேசக் கூடாது. ‘படகை மீட்கக் கலெக்டரிடம் மனு கொடுக்கணும், திங்கட்கிழமை யார் வருகிறீர்கள்?’ என்று கேட்டால் அது இருக்கும். தலைவர் படம் போட்ட வாழ்த்து, எதிர்க்கட்சிக்காரரைக் கழுதையாக்கிய மீம், சாதியையோ மதத்தையோ இழுக்கும் ஃபார்வர்டு வந்தால் தூக்கிவிடுவேன். மற்றவர் போட்டதை அட்மின் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது. அழித்த கையோடு ‘அழித்தது நான்தான், காரணம் இது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சத்தமில்லாமல் அழித்தீர்களோ, டீக்கடையில் உங்கள் பெயர்தான் உருளும்.

காற்றுச் செய்தி அந்தக் குரூப்பில் இருக்கவே வேண்டாம். அதற்குத் தனிக் குரூப் வைத்து, அட்மின் மட்டும் அனுப்புகிற மாதிரி பூட்டிவிடுங்கள். 2018-லிருந்தே அந்த வசதி உண்டு. பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர், கடலுக்குப் போக டோக்கன் உண்டா இல்லையா, அவ்வளவுதான். குட்மார்னிங் பூக்கூட வேண்டாம்.

உங்கள் குரூப்பில் இரண்டு படகுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ‘உங்க தலைவர் என்னத்தக் கிழிச்சாரு’ என்று ஆரம்பிக்கிற சண்டையைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். முந்தின ராத்திரி விசைப்படகு இழுத்துப் போகும் மடி வலையில் சிக்கி நாட்டுப்படகுக்காரர் வலை அறுந்து போயிருக்கும். வலை போனவருக்கு ஆயிரக்கணக்கில் நட்டம், அந்தக் கோபம்தான் கட்சிப் பெயரில் வருகிறது. இதைப் போனில் தீர்க்க முடியாது. மெசேஜை அழிக்காதீர்கள், இரண்டு பேரையும் சங்கக் கட்டடத்துக்குக் கூப்பிடுங்கள். வலைக்கு ஒரு வழி பிறந்துவிட்டால் தலைவர்கள் இரண்டு பேரும் தப்பித்தார்கள்.

தேர்தல் சமயம் வேறு. நம் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை. தமிழ்நாட்டில் 2014, 2019, 2024 மூன்று மக்களவைத் தேர்தலிலும் ஓட்டுப் பதிவு ஏப்ரல் 15-ஐத் தாண்டித்தான் நடந்தது. கடலுக்குள் போனால் சிக்னல் கிடைக்காது, சண்டையும் இல்லை. தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில். ஆம்பளைகள் வலையில் கிழிசலைப் பொத்துகிறார்கள், பக்கத்திலேயே போன். அந்த வாரங்களில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டி விடியற்காலையில் திறந்தால் போதும். போதையில் எழுதுவது ஒழிந்தாலே பாதி ரகளை குறையும்.

*கச்சத்தீவு என்று ஒருத்தர் எழுதினால் போதும், ‘கொடுத்தது யாரு’, ‘மீட்காதது யாரு’ என்று விடிய விடிய ஓடுகிறது. எப்படி அடக்குவது?*
– வாசகர், மண்டபம்

அடக்காதீர்கள், தாளை எடுத்து நடுவில் வையுங்கள். தீவு இலங்கைப் பக்கம் போன 1974 ஒப்பந்தம், இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்றது. 1976 கடிதப் பரிமாற்றத்தில் இலங்கைக் கடற்பரப்பில் நம் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது. ஒருத்தர் முதல் தாளைக் காட்டி இரண்டாவதை மறைப்பார், அடுத்தவர் இதையே தலைகீழாகச் செய்வார். 2017-ல் இலங்கை இழுவை மடிக்கே தடைச் சட்டம் போட்டதை இரண்டு பேருமே சொல்ல மாட்டார்கள். இந்த மூன்றையும் நாலு வரியில் எழுதிக் குரூப்பின் மேலே பின் செய்துவையுங்கள். சண்டை கிளம்பினால், ‘மேலே உள்ளதைப் படித்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் எழுதுங்கள்’ என்று சொல்லுங்கள். எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைந்துவிடுவார்கள்.

*யாரோ போட்டதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போகணுமா?*
– வாசகி, தொண்டி

வெறும் அட்மின் என்பதற்காகப் போக வேண்டியதில்லைம்மா. கரூர் வக்கீல்கள் குரூப் சம்பந்தப்பட்ட வழக்கில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் அப்படித்தான் சொன்னது. அட்மினாக இருந்தது தவிர வேறு பங்கில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்றது. 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே பக்கம். ஆனால் நீங்களே ‘சூப்பர்’ போட்டு நாலு பேருக்குத் தள்ளிவிட்டால் அது உங்கள் தனிக் கணக்கு.

*எங்கள் குரூப் அட்மின் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். நாங்கள் போடுவதை மட்டும் அழிக்கிறார்.*
– வாசகர், ஏர்வாடி

அவர் தனியாக இருக்கிறவரை அப்படித்தான் செய்வார். எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தரையும், இரண்டு பேருக்கும் ஐஸ் கடனுக்குக் கொடுக்கிற ஆளையும் கூட அட்மின் ஆக்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் ரொம்ப நியாயமாக இருப்பார், அவருக்கு இரண்டு பக்கமும் பாக்கி வர வேண்டியிருக்கிறது. மாட்டேன் என்றாரானால் புதுக் குரூப் ஆரம்பித்து அவரையும் சேருங்கள், சாதா உறுப்பினராக.