பினாங்கில் சொந்த டப்பா கொண்டுபோய்ச் சாப்பாடு வாங்குவது ஒத்துவருமா?

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தால் பொங்குஸ் (பார்சல் சாப்பாடு) எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும், கொஞ்சம் கூச்சம்தான். 2030க்குள் அந்தப் பிளாஸ்டிக்கை ஒழிப்பது மலேசியாவின் இலக்கு. பினாங்கில் 2009இல் திங்கட்கிழமை மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்றார்கள். 2011இல் தினமும், பைக்கு 20 சென். முணுமுணுத்தோம், பழகிவிட்டோம்.

டப்பா கதை வேறு. நாசி கண்டார் (சோற்றில் குழம்புகளை ஊற்றித் தரும்) கடையில் எவர்சில்வர் கேரியரை நீட்டினால் அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார், அப்புறம் "குழம்பு பஞ்சீரா தம்பி?" (வெள்ளமாக ஊற்றவா) என்று இன்னொரு கரண்டி ஊற்றுவார். கொதிக்கிற குழம்புக்கு எவர்சில்வர்தான் சரி. பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது பாலிபுரோப்பிலீன், சூடு தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன், வேண்டாம். அலமாரியில் பத்து டப்பா அடுக்கி வைத்துப் பயனில்லை, ஒன்றையே தேயத்தேயப் பயன்படுத்துங்கள்.

தே ஆயிஸுக்கு (ஐஸ் டீ) மட்டும் நான் இன்னும் ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டுத்தான் போகிறேன்.