நாத்து ஏன் ஒல்லியா நீளுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லயத்துல இருக்கோம், மழை விடாததால வெளிய மேடை போட முடியல. அதனால காம்பிராவுக்குள்ளயே யோகட் கப்ல கறிமிளகாயும் தக்காளியும் போட்டேன். குளிருக்கு முளைக்காதுன்னு அடுப்புக்கு மேல தட்டுல வச்சிருந்து, எல்லாம் முளைச்சு முடிஞ்சாப்புறம் எடுத்து எல்ஈடி பல்புக்கு கீழ வச்சேன். ஒரு கிழமைக்குள்ள நூல் மாதிரி நீண்டு சாஞ்சிடுச்சு. யூரியா கொஞ்சம் கரைச்சு ஊத்தலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: யூரியா வேணாம் தங்கச்சி, அத முதல்ல சொல்லிடுறேன். உங்க நாத்துக்கு பசி இல்ல, வெளிச்சம்தான் பத்தல. மண்ணுக்குள்ள இருக்கிற முளைக்கு தண்டை நீட்டி மேல வாறதுதான் வேலை, வெளிய வந்து நல்ல வெளிச்சம் பட்டதும் நீளுறத குறைச்சுட்டு தண்டு தடிச்சு இலை விரியணும், அந்த வெளிச்சம் கிடைக்கலன்னா அது தேடித் தேடி நீண்டுகிட்டே போகும், விதைக்குள்ள இருந்த கொஞ்ச சாப்பாடும் அதுலயே தீர்ந்துடும். இந்த நேரத்துல யூரியா ஊத்தினா இன்னும் மெல்லிசாத்தான் வளரும்.

உங்க கடிதத்துல எனக்கு கண்ணுல பட்டது அடுப்புத் தட்டுதான். மலைநாட்டுல இத நிறையப் பேர் செய்றாங்க, முளைக்க வைக்கிறதுக்கு அது நல்ல வழியும்தான், ஏன்னா கறிமிளகாய் 25 பாகைக்கு மேல சூடு இருந்தா 8, 10 நாள்ல முளைக்கும், 15 பாகையில 3 கிழமைக்கு மேலயும் இழுக்கும். ஆனா முளைச்ச பிறகு அதே இடம்தான் கெடுதல். சூடு வேகமா வளரச் சொல்லுது, அங்க இருட்டு, அப்ப வளர்ச்சி எல்லாம் தண்டு நீளத்துக்கே போகுது. எல்லா விதையும் முளைக்கட்டும்னு காத்திருக்காதீங்க, முதல் முளை வளையமா வளைஞ்சு மண்ணை தூக்கிட்டு தலை காட்டின அன்னைக்கே அந்த கப்பை மட்டும் எடுத்து வெளிச்சத்துக்கு கீழ வையுங்க, மேல பொலித்தீன் மூடியிருந்தா அதையும் கழட்டிடுங்க. ஒரு நாள் பிந்தினா கூட வித்தியாசம் தெரியும். முளைச்ச பிறகு 18 - 21 பாகை தாராளம், நம்ம ஊரு குளிர் தண்டை குட்டையா உறுதியா வச்சிருக்கத்தான் உதவும், ராத்திரி ரொம்ப குளிருற காலத்துல மட்டும் ஜன்னல் பக்கம் வைக்காம உள்ள தள்ளி வச்சா போதும்.

அடுத்தது பல்போட உயரம். ஹோல்டர் கூரைக்கு கிட்ட இருக்கும், கப் தரையில இருக்கும், நம்ம கண்ணுக்கு காம்பிரா முழுக்க வெளிச்சமாத்தான் தெரியும், ஏன்னா கண்ணு குறைஞ்ச வெளிச்சத்துக்கு தானா பழகிக்கும், செடியால அப்படி முடியாது. சின்ன பல்புன்னா தூரம் ரெண்டு மடங்கானா செடிக்கு கிடைக்கிற வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், 1 அடியில இருக்கிறதுக்கும் 4 அடியில இருக்கிறதுக்கும் 16 மடங்கு வித்தியாசம். அதனால வயர் இழுத்து பல்பை கீழ இறக்குங்க, இல்லன்னா பெட்டி அடுக்கி கப்பை மேல ஏத்துங்க. 9, 12 வாட் எல்ஈடின்னா இலைக்கும் பல்புக்கும் நடுவுல 6 அங்குலம் போல இருக்கட்டும், செடி வளர வளர பல்பும் மேல போகணும். இலை இருக்கிற உயரத்துல புறங்கையை கொஞ்ச நேரம் பிடிச்சு பாருங்க, சூடு சுட்டா இன்னும் கொஞ்சம் தூக்குங்க. பெட்டில 6500 கே-ன்னு போட்ட வெள்ளை பல்பு வாங்குங்க, அதுல நீலம் கூட, நீல வெளிச்சம் தண்டு நீளுறத அடக்கும். பழைய மஞ்ச குண்டு பல்பு வேணவே வேணாம், சூடுதான் கூட வரும். ஒரு நாளைக்கு 14 - 16 மணித்தியாலம் எரியட்டும், ராத்திரி அணைச்சிடுங்க.

இப்ப நீண்டு போனதை என்ன செய்யலாம்னா, தக்காளிய காப்பாத்தலாம். முளைச்சதும் முதல்ல விரியிற விதையிலைக்கு மேல உண்மையான இலை ரெண்டு வந்ததும் ஆழமான கப்புல விதையிலைக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் தண்டை புதைச்சு நடுங்க, மண்ணுக்குள்ள போன தண்டுலயே வேர் விடும். கறிமிளகாய் அப்படி லேசா வேர் விடாது, கொஞ்சம் ஆழமா வச்சு ஒரு ஈக்கில் குச்சி ஊன்றி பாருங்க, ரொம்ப மெலிஞ்சிருந்தா மனசை கல்லாக்கிட்டு புதுசா விதை போடுறதுதான் நல்லது, அந்த நாத்தை வச்சு மாசக்கணக்கா மல்லுக்கட்டுறத விட ரெண்டு கிழமை பிந்தறது மேல்.

கேள்வி: ஜன்னல் ஓரம் வச்ச கோவா நாத்து எல்லாம் ஒரே பக்கம் சாயுது. ட்ரேயை தினமும் திருப்பி வச்சா சரியாயிடுமா?
– வாசகர், நானுஓயா

பதில்: நிமிரும், ஆனா தடிக்காது. வெளிச்சம் ஒரு பக்கமா வந்தா ஒக்ஸின்ங்கிற வளர்ச்சி ஹோர்மோன் நிழல் பக்கம் கூடிப்போய் அந்தப் பக்கம் மட்டும் அதிகமா நீளும், அதனாலதான் வளையுது. நுனிதான் வெளிச்சத்தை உணருதுன்னு சார்ள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையோட நுனியை மூடி வச்சுப் பார்த்து 1880லயே எழுதிட்டாங்க. மிஸ்ட் மூடின நாள்ல உங்க ஜன்னல் வெளிச்சம் பத்தாது ஐயா, மேல இருந்து ஒரு பல்பு குடுங்க, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பிஸ்கட் பெட்டிக்குள்ள வாற வெள்ளித்தாளோ வெள்ளை அட்டையோ நிறுத்தி வையுங்க.

இன்னொன்னும் பாருங்க, நெருக்கமா தூவியிருக்கீங்களா? இலை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கிட்டு, சிவப்புக்கும் அப்பால நம்ம கண்ணுக்கு தெரியாத வெளிச்சத்தை அதிகமா வெளிய விடும், பக்கத்து நாத்து அதை உணர்ந்தே தனக்கு போட்டி வருதுன்னு நீள ஆரம்பிச்சிடும், நிழல் விழுறதுக்கு முன்னாடியே. அதனால இலையோட இலை முட்டுறதுக்குள்ள கூடுதலா இருக்கிற நாத்தை எடுத்து இடைவெளி விடுங்க, பிடுங்காம கத்தரியால வெட்டுங்க, பக்கத்து வேர் அசையாது.

கேள்வி: செடியை குட்டையாக்குற மருந்து இருக்குன்னு கடையில சொல்றாங்க, நாத்துக்கு அடிக்கலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: வீட்டு நாத்துக்கு வேணாம் தம்பி. பக்லோபியூட்ரசோல் மாதிரி மருந்துகள் தண்டை நீட்டுற ஜிபரெலின்ங்கிற ஹோர்மோன் உண்டாகிறதை தடுக்கும், மாமரத்துல பூ எடுக்க பாவிக்கிறாங்க, ஆனா அது மண்ணுல ரொம்ப நாள் தங்கும், அளவு தப்பினா நாத்து அப்படியே நின்னுடும். சாப்பிடுற மரக்கறிக்கு எதுக்கு அது? அதுக்கு பதிலா காய்ஞ்ச உள்ளங்கையால நாத்தோட தலையை காலைலயும் பின்னேரமும் மெதுவா பத்துப் பதினஞ்சு தரம் தடவி விடுங்க, இல்லன்னா சின்ன பேன் ஒன்னை தூரமா வச்சு இலை லேசா ஆடுற அளவுக்கு போடுங்க. அசைவு பட்ட தண்டு நீளம் குறைஞ்சு தடிப்பா வளரும். இலை ஈரமா இருக்கிறப்ப மட்டும் தொடாதீங்க, நோய் பரவும்.

கேள்வி: பல்பு நாள் முழுக்க எரிஞ்சா கரண்ட் பில் எகிறாதா?
– வாசகி, ஹட்டன்

பதில்: 9 வாட் பல்பு ரெண்டு, 14 மணித்தியாலம் எரிஞ்சா ஒரு நாளைக்கு கால் யூனிட், மாசத்துக்கு ஏழரை யூனிட் போல. யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும்தான் அக்கா, அதனால வீட்டுல எல்லா மூலைக்கும் பல்பு போடாம கப் எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள ஒன்னா சேர்த்து, பெட்டிக்குள்ள வெள்ளித்தாள் ஒட்டி, மேல ரெண்டு பல்பு தொங்க விடுங்க. நாத்துக்கு இது நாலஞ்சு கிழமைக்குத்தான் தேவை. அதுக்கப்புறம் மழை விட்ட நேரமா பார்த்து முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் ரெண்டுன்னு கூட்டிக் கூட்டி ஒரு கிழமை வெளிய பழக்கிட்டு மேடைல நடுங்க, நேரா வெயில்ல கொண்டு வச்சா இலை வெளுத்துப் போயிடும்.