பட்டமும் வெட்டுப்புள்ளியும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்கள் பாடசாலையொன்றின் ஆரம்பப் பிரிவில் நீங்கள் கழித்த கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுதியதை வாசித்தேன். என் மகனும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்கள் பாடசாலையில் நான்காம் தரம் படிக்கிறான். அங்கேயே உயர்தரம் வரை படிக்கலாம். வரும் தை மாதம் ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சைக்காக இப்போதே பாடசாலை விட்டதும் ஒரு ரியூசன், மாலையில் இன்னொன்று, சனி ஞாயிறுகளில் மாதிரி வினாத்தாள் வகுப்பு. போன வருடம் அம்மப்பாவோடு சேர்ந்து, காற்றில் கூவும் விண் பூட்டிய பட்டம் கட்டினான். இந்த வருடம் ரியூசன் ஆசிரியர் சொன்னதற்காக அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். அவன் அதைக் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் செய்வது சரிதானா?

கொக்குவிலிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

"அவன் அதைக் கேட்கவும் இல்லை" என்ற வரியைத் தாண்டி என்னால் உடனே வாசிக்க முடியவில்லை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. பின்னேரங்களில் கொக்குவில் வானத்தில் விண் கூவுகிற சத்தம் அவன் காதிலும் விழும். ஒன்பது வயதுப் பையன் அதைக் கேட்டுக்கொண்டு வினாத்தாளில் குனிந்திருக்கிறான் என்றால், கேட்டுப் பயனில்லை என்று அவன் முடிவுசெய்துவிட்டான் என்றே நினைக்கிறேன். உங்கள் பயம் நியாயமானது.

பரீட்சையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியோடு வளர்ந்த ஏற்பாடு இது. 1940-களில் மத்திய மகா வித்தியாலயங்கள் தொடங்கப்பட்டபோது, காசில்லாத கிராமத்துப் பிள்ளையை அங்கே சேர்த்து, விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்க வழிசெய்தார்கள். இன்றும் அந்தப் பரீட்சைக்கு இரண்டு வேலைகள்தாம் இருக்கின்றன. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது ஒன்று. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு வேறொரு பெரிய பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இடம் கொடுப்பது மற்றது. உங்கள் மகனுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்பப் பிரிவிலிருந்து ஆறாம் தரத்துக்குப் போக வெட்டுப்புள்ளி கேட்கமாட்டார்கள் என்பதை மட்டும் அதிபரிடம் ஒருமுறை நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உதவிப்பணமோ, மூன்று வகுப்புகளுக்குக் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுக்கு உரியதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் யாருக்காக அவன் இரவு வரை விழித்திருக்கிறான்? ஆவணி கழிந்து பெறுபேறு வந்ததும் ரியூசன் மதிலில் தொங்கும் பதாகைக்காக. பத்திரிகையில் வரும் கடுகளவு படத்துக்காக. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நெடுந்தீவிலோ முல்லைத்தீவிலோ, தன் ஊரில் மேற்கொண்டு படிக்க வழியில்லாத ஒரு பிள்ளைக்கு இந்தப் பரீட்சை வாசல். அந்தப் பிள்ளை இரவில் விழித்திருந்து படித்தால் நான் விளக்குப் பிடிப்பேன். வாசலுக்கு உள்ளே நிற்கிற பிள்ளையை வெளியே கூட்டிவந்து, மறுபடி முட்டித் திறக்கச் சொல்வது என்ன நீதி?

2024-இல் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். செப்டெம்பரில் பரீட்சை எழுதிய பிள்ளைகள், முன்கூட்டியே வெளியான மூன்று வினாக்களுக்காக டிசெம்பர் 31 வரை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். மூன்றுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் புள்ளிகளுக்காக நாட்டின் ஆக உயர்ந்த அந்த நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய பாரத்தை எவ்வளவு சிறிய தோளில் ஏற்றியிருக்கிறோம் என்று அன்று யோசித்தேன்.

இனி என் கதை. நான் ஐந்தாம் ஆண்டு படித்தது 1994-இல். போர்க்காலம், மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். எங்கள் பள்ளிக்கூடத்து மணி, வேப்பமரக் கிளையில் கம்பியால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. 1990-இல் ரயில் நின்றுபோன பிறகு அது எப்படியோ அங்கே வந்திருக்கிறது. எங்களில் பலருக்கு ரயிலில் ஏறிய நினைவே இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் இருவருக்கு ஒவ்வொரு கிழமையும் மணி அடிக்கும் முறை வரும். பற்றரிக்குத் தடை இருந்த காலம் அது. அலுவலகத்தில் இருந்த சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு முன்னால் ஒருவன் நிற்பான். அவன் கை காட்டியதும் மற்றவன் அடிக்கவேண்டும். நடுவில் அடித்தால் மந்தமாகக் கேட்கும். கீழ் நுனியில் அடித்தால்தான் கிணீரென்று றோட்டு வரை போகும். முதல் நாள் நான் நடுவில் அடித்தேன், ஒரு வகுப்பும் எழும்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நுனியைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கையில் துரு ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போகும்வரை அதைக் கழுவமாட்டேன்.

இன்னொரு பொறுப்பும் இருந்தது. குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒவ்வொருவனும் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைப் பதுங்குகுழிக்குக் கூட்டிப்போகவேண்டும். என் பொறுப்பில் இருந்தவனுக்குக் காற்சட்டை இடுப்பில் நிற்காது. ஒரு கையால் காற்சட்டையையும் மறு கையால் என் விரலையும் பிடித்துக்கொண்டு ஓடிவருவான். குழிக்குள் இறங்கிய பிறகும் விரலை விடமாட்டான். "அண்ணா, போயிட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எனக்கும் நெஞ்சு அடிக்கும். ஆனால் என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டானே, அழ முடியாது.

அந்த வருடப் புலமைப்பரிசிலில் எனக்கு வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளிகள் குறைவு. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த ஆண்டு பெரிய பள்ளிக்கூடத்தில் நாங்கள்தாம் ஆகச் சிறியவர்கள். யாரும் எங்களை அண்ணா என்று கூப்பிடவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனபோது என் வகுப்பும் சிதறியது. அன்று ஒரு மூட்டையும் தங்கையின் கையும் என்னிடம் இருந்தன. சனத்துக்குள் ஒரு சின்னக் கையை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு போவது எனக்குப் பழகியிருந்தது. அந்த நான்கு புள்ளிகளைப் பற்றி அதற்குப் பிறகு அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உங்கள் மகனுக்குப் பொம்மரும் பதுங்குகுழியும் வேண்டாம். ஆனால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆகப் பெரியவனாக இருக்கும் அந்த ஒரு வருடம் அவனுக்கும் ஒருமுறைதான் வரும். முதலாம் தரத்துப் பிள்ளைகளை வரிசையில் கொண்டுபோகவும், விளையாட்டுப் போட்டியில் இல்லத்துக்குத் தலைமை தாங்கவும், தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சு மனனம் செய்யவும் அவனுக்கு நேரம் வேண்டும். பாடசாலை விட்டதும் ரியூசனுக்கு ஓடுகிறவனை ஆசிரியர்கள் இவற்றுக்குக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் வரமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பரீட்சையை அவன் எழுதட்டும். வகுப்பிலுள்ள எல்லோரும் எழுதும்போது அவன் மட்டும் விலகி நிற்கவேண்டியதில்லை. பாடசாலையில் படிப்பிப்பது போதும். சனிக்கிழமை ஒரு வினாத்தாளை வீட்டிலேயே செய்யலாம். பிழைத்த கணக்குகளைப் பக்கத்தில் இருந்து நீங்களே பாருங்கள். மாலை வகுப்பை இந்தக் கிழமையே நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் மார்கழி விடுமுறையோடு நிறுத்தலாம். ரியூசன் ஆசிரியர் முகம் சுளிப்பார், அயலில் நாலுபேர் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், அவனைச் சொல்லவைக்காதீர்கள். எத்தனை புள்ளி எடுத்தாலும் அவனோடு பேசாமல் இருக்கப்போவதில்லை என்று இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பட்டத்தைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். தாள் கிழிந்திருக்கலாம், விண்ணின் நாடா தளர்ந்திருக்கலாம். ஒட்டி முறுக்கிக் கட்ட அம்மப்பாவுக்கும் அவனுக்கும் ஒரு பின்னேரம் போதும். அவன் உடனே ஓடிவராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அம்மப்பா முற்றத்தில் இருந்து தனியாகக் கட்டத் தொடங்கட்டும்.

அன்புடன்,
அண்ணா