பழைய டீசல் பிக்கப் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, மெக்கானிக் டீசல் பம்ப்பைக் கழற்றி இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா?

இறக்காதீர்கள். இன்னும் நாலு நாளைக்காவது இறக்காதீர்கள்.

பகலில் ஒரே செல்ஃபில் வருகிறது, ராத்திரி முழுக்க நின்றால் மட்டும் காலையில் மக்கர் செய்கிறது, பம்ப் வேலைக்கு 25,000 கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி வண்டிக்கு இதே வியாதி வந்து, நான் 22,000 கொடுத்துவிட்டு வந்தவன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை, வண்டி ஓட்டுகிறவன். காமன்ரெயில் வண்டி (கம்ப்யூட்டர் வைத்து டீசல் அடிக்கிற புது மாதிரி) வைத்திருக்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு. வண்டி எந்தக் கம்பெனி என்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

எனக்கு ஊட்டிக்குக் கீழே கேத்தி பக்கம். பாலாடாவில் கழுவிய கேரட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது பிழைப்பு. டிசம்பரில் புல் மேல் உறைபனி உப்புக் கொட்டின மாதிரி கிடக்கும். அந்த மாதத்தில்தான் வண்டி படுத்தது. பனிக்காலம் என்பதால் எல்லோரும் பழியைக் குளிர் மேல் போட்டார்கள், நானும்தான். முதலில் புது பேட்டரி. அப்புறம் குளிரில் எஞ்சினுக்கு உள்ளே சூடு கொடுக்கிற ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றினேன். விடிகாலையில் விடாமல் செல்ஃப் அடித்து அடித்து செல்ஃப் மோட்டாரும் புகைந்தது, அது தனிச் செலவு. (பத்து விநாடி அடித்தால் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். இதை எனக்கு மோட்டார் கருகிய பிறகுதான் சொன்னார்கள்.) கடைசியில் பம்ப்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, ஒன்பது நாள் வண்டி செங்கல் மேல் நின்றது.

திரும்பி வந்ததும் ஐந்து நாள் ராஜா மாதிரி ஸ்டார்ட் ஆனது. ஆறாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி. "ஏங்க, மாதா கோயில் இறக்கத்துல நிறுத்துற அன்னிக்கெல்லாம் வண்டி வருது. நம்ம வாசல்ல நிறுத்தினாதான் வர மாட்டேங்குது, கவனிச்சீங்களா?" என்றாள். சிரித்தேன். "இறக்கத்துல உருட்டி எடுக்கிறேன், வராம என்ன செய்யும்?" என்றேன். "உருட்டவே இல்லையே, சாவி போட்டதும் வந்துச்சே" என்றாள். யோசித்துப் பார்த்தால், உண்மைதான். அந்த ஐந்து நாளும் வாசலில் மணல் கொட்டியிருந்ததால் வண்டி கோயில் பக்கம்தான் நின்றிருந்தது.

என் வாசலில் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும், டேங்க் தாழ்ந்துவிடும். கோயில் பக்கம் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும், டேங்க் உயர்ந்துவிடும். டேங்கிலிருந்து பம்ப் வரை போகிற லைனில் எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தால், மேட்டில் நிற்கிற வண்டியில் ராத்திரி முழுக்க அது வழியாகக் காற்று புகுந்து, டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். பம்ப் இழுக்கிற பக்கம் என்பதால் பெரும்பாலும் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, அதனால் யாரும் அங்கே பார்ப்பதும் இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் வருகிறது, பாதிக்குக் கீழே போனால் வருவதில்லை என்றாலும் இதே சந்தேகம்தான்.

டிராக்டர் ஓட்டுகிற நண்பர் ஒருவர் வந்து ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஓர் அடி கண்ணாடி மாதிரி தெரிகிற டீசல் ட்யூபைப் போட்டார். எஞ்சின் ஓடும்போது சோடா மாதிரி குமிழி குமிழியாகப் போனது. சேஸிஸ் மேல் ரப்பர் ஹோஸ் உட்காருகிற இடத்தில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. அதோடு ஃபில்டர் தலையில் பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாம் சேர்த்து 140 ரூபாய்.

அந்த ஒரு மாதம் மண்டிக்குத் தாமதமாகப் போய்ப் பட்ட பாட்டை எங்கே சொல்ல? ஆறு மணிக்கு இறங்குகிற கேரட்டுக்கும் பத்து மணிக்கு இறங்குகிற கேரட்டுக்கும் ஒரே இனிப்புதான். ஆனால் பத்து மணிக்குப் போனால் "வாடிருச்சு" என்று விலையை அடிப்பார்கள், மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்று வேறு எழுதுவார்கள். அந்தக் கழிவுக் கேரட்டை யாராவது குப்பையில் கொட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. விவசாயி என்னைத் திட்டுவார், வாடகையில் பிடிப்பார். சரி, அதை விடுங்கள்.

நீங்கள் சமவெளிக்காரராக இருந்தாலும் இன்று ராத்திரி எங்காவது சின்ன இறக்கமாகப் பார்த்து மூக்கைக் கீழே வைத்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், கியர், டயருக்குக் கல் மூன்றும் வேண்டும். மறுநாள் ராத்திரி திருப்பி நிறுத்துங்கள். அப்படித் திருப்பி நிறுத்தி விடிந்ததும், சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஃபில்டர் மேல் இருக்கிற கை பம்ப்பை அமுக்குங்கள். உடனே கெட்டியாக இருந்தால் லைன் நிறைந்திருக்கிறது. இருபது முப்பது தடவை தொளதொளவென்று போய்ப் பிறகுதான் கெட்டியானால், காற்று. அடித்த பிறகு ஒரே செல்ஃபில் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

செல்ஃப் அடிக்கும்போது யாரையாவது சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. லைனில் காற்று, அல்லது பம்ப் மேல் இருந்து டீசலைத் திறந்து மூடுகிற ஸ்டாப் சோலனாய்டுக்குக் கரன்ட் வரவில்லை. சாவி போட்டதும் அது 'டிக்' என்று சத்தம் தர வேண்டும். வெள்ளையாகப் புகைந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. அப்போதுதான் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் பக்கம் போக வேண்டும். எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி வாங்க ஓடாமல், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் போகிற எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிப் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மீட்டரில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது.

ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது, பெட்ரோல் துணி வைப்பது மட்டும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது உள்ளே போனால் நேரம் காலம் பார்க்காமல் வெடிக்கும், பிஸ்டன் ரிங் தாங்காது. "நாங்க இருபது வருஷமா அடிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்று யாராவது வருவார்கள். அடித்துக்கொள்ளுங்கள், உங்கள் எஞ்சின்.

இவ்வளவும் பார்த்து எதுவும் சிக்காவிட்டால் பம்ப்பை இறக்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மெக்கானிக்கும் கெட்டவர் இல்லை, இப்போதும் அவரிடம்தான் போகிறேன். அந்த 22,000 பேச்சை எடுத்தால் மட்டும் டீ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.