சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது, அக்கா

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது கை, கால் வராது, பேச்சும் போய்விட்டது. ‘ம்ம்’ என்கிற சத்தம் மட்டும்தான். தண்ணீருக்கு ஒரு ‘ம்ம்’, ஃபேனுக்கு ஒரு ‘ம்ம்’. எனக்கும் அம்மாவுக்கும்தான் வித்தியாசம் புரியும். தினமும் நாலரை மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்கிறேன். உபவாசமும் இருந்து பார்த்தேன். கன்வென்ஷனுக்கு வந்த ஊழியர் ஒருவர், ‘இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு’ என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவதையும் விட்டுவிட்டோம். இப்போதெல்லாம் ஜெபத்தில் நாலு வார்த்தை தாண்டுவதற்குள் மனசு பால் கணக்குக்குப் போய்விடுகிறது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. கர்த்தர் நிஜமாகவே கேட்கிறாரா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, ‘கேட்கிறாரா’ என்று எழுதியிருக்கிறாய். நம் மொழியில் இது பொல்லாத சொல். பிள்ளை மிட்டாய் கேட்கிறது. அந்தச் சத்தம் அம்மா காதில் கேட்கிறது. ‘என் மகன் நான் சொன்னால் கேட்கிறதே இல்லை’ என்று அதே அம்மா புலம்புகிறாள். அவனுக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. ‘கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்’ என்பதிலும், ‘காதை உண்டாக்கினவர் கேளாரோ?’ என்ற 94ஆம் சங்கீதத்திலும் இருப்பது இந்த ஒரே சொல்தான். அதனால்தானோ என்னவோ, கேட்டது கிடைக்காவிட்டால் அவர் காதிலேயே விழவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தைப் பார். ‘இந்தப் பாத்திரம்’, அதாவது வரப்போகிற பாடு, நீங்க வேண்டுமென்று இயேசு மூன்று தரம் ஜெபித்தார், மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி. பாத்திரம் நீங்கவில்லை, விடிந்தால் சிலுவை. ஆனால் எபிரெயர் 5:7 அந்தக் கண்ணீரைப் பற்றிப் பேசும்போது ‘கேட்கப்பட்டு’ என்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த ஊழியரின் கணக்குப்படி அந்தத் தோட்டத்தில் யாருக்கு விசுவாசம் குறைவு? அடுத்த முறை வந்தால் மரியாதையாகவே கேட்டுப் பார்.

உன் ஊருக்குப் பக்கத்துத் தோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பாய். சிறுமியாக நீலக் கண் வேண்டுமென்று ஜெபித்தார், பழுப்புக் கண்ணே இருந்தது, பிற்காலத்தில் இந்தியாவில் நம் ஜனங்களோடு ஒருத்தியாகக் கலக்க அதுவே உதவியது. இதை எல்லாரும் சொல்வார்கள், முடிவு நன்றாக இருக்கிறதல்லவா! அவர் 1931இல் விழுந்து அடிபட்டதையும், 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்ததையும் பிரசங்கத்தில் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கண்ணைவிடக் கட்டில்தான் நெருக்கமாகத் தெரிகிறது.

மனசு பால் கணக்குக்குப் போனால் போகட்டும். பால் கணக்கையே அவரிடம் சொல். பிள்ளை வேண்டி ஆலயத்தில் ஜெபித்த அன்னாளின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலியே அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஜெபம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆசாரியர்களும் தப்புக் கணக்குப் போடுவது உண்டு.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ‘ம்ம்’ வரியைத்தான். நீ அடுப்படியில் நிற்கிறாய், குக்கர் விசில் அடிக்கிறது, கூடத்திலிருந்து ஒரு முனகல். வேறு யாருக்கும் அது வெறும் சத்தம். உனக்கு அது தண்ணீர். ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்’ என்று ரோமர் 8இல் படிக்கிறோமே, அதற்கு விளக்கவுரை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் என்று புரிந்ததும் டம்ளரை அப்படியே வாயில் கவிழ்க்கவும் மாட்டாய். புரையேறிவிடும். தலையணையைச் சரிசெய்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அதற்குள் அப்பா கோபமாக இன்னொரு ‘ம்ம்’ போடுவார். கர்த்தர் கேட்பதும் இப்படித்தானோ என்று தோன்றுகிறது, ஆனால் இந்த உவமையை ரொம்ப இழுக்கப் பயமாக இருக்கிறது. ‘இரண்டு வருஷமாகவா கர்த்தர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்?’ என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவரிடமே கேள். ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று 13ஆம் சங்கீதம் முதல் வசனத்திலேயே சண்டைக்கு நிற்கிறது. ஆறே வசனம், காலையில் அது போதும். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து சொல்.

பேச்சுப் பயிற்சியை இந்த வாரமே மறுபடி தொடங்குங்கள். சிகிச்சைக்குப் போவது அவிசுவாசம் இல்லை. இரண்டு வருஷம் கழித்தும் பலன் கிடைப்பதுண்டு. இன்னொன்று: பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும். ஒரு வார்த்தை சொல்ல வராதவர், பழகிய ராகத்தோடு வார்த்தைகளையும் சேர்த்துப் பாடுவதுண்டு. அப்பாவுக்கு மனப்பாடமான கீர்த்தனை ஒன்றைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடிப் பார். பாதியில் நிறுத்தி, அடுத்த சொல்லுக்குக் காத்திரு. வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுது.