கொத்துக்கடையும் கெப்டன் பொய்கொட்டும்

கேள்வி: எங்க ஒழுங்கை முனையில இருக்கிற கொத்துக்கடையில சீஸ் கொத்து விலையைத் திடீரெண்டு கூட்டிட்டாங்க. "கடையை பொய்கொட் பண்றேன்" எண்டு வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். அப்பா "இது பொய்கொட் இல்ல, கோவம்" எண்டு சிரிக்கிறார். பிடிக்கல்ல எண்டு காட்டுறதுதானே பொய்கொட்? பணிப்பகிஷ்கரிப்பு எண்டு ரேடியோவில சொல்றதும் அதுதானே?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அப்பா சொன்னதுதான் சரி தங்கச்சி. நீங்க ஒரு ஆள் வராட்டி முதலாளிக்கு அது தெரியவும் போறதில்ல, நீங்களும் அடுத்த மழை நாளில அங்கதான் ஓடர் குடுப்பீங்க.

பொய்கொட் எண்டது ஒரு மனுசன்ட பேர், பிறகு புறக்கணிக்கிறதுக்கே அது சொல்லாப் போச்சு. அயர்லாந்தில மேயோ எண்ட இடத்தில லோர்ட் ஏர்ன் எண்ட நிலச்சொந்தக்காரருக்கு ஏஜன்டா இருந்தவர்தான் கெப்டன் சார்ள்ஸ் பொய்கொட். 1880ல விளைச்சல் சரியில்ல, குத்தகையில 25 வீதம் குறைங்க எண்டு சனம் கேட்டுது, 10 வீதம்தான் எண்டு பதில் வந்துது, குடுக்க ஏலாதவங்களக் காணியை விட்டு எழுப்ப நோட்டீசும் போச்சு. அதுக்குப் பிறகு ஊர்ச்சனம் அவரை அடிக்கல்ல, ஒதுக்கி வச்சிட்டுது, வயல்ல வேலை செய்றவங்க வரல்ல, வீட்டு வேலைக்காரங்க போயிட்டாங்க, கடைக்காரர் சாமான் குடுக்கல்ல, கடிதம் கொண்டு வாற பொடியனும் நிண்டுட்டான். கடைசில அயர்லாந்தின்ட வடக்கில இருக்கிற அல்ஸ்டர் பக்கத்தில இருந்து 50 பேரைக் கூட்டிட்டு வந்து, அவங்களுக்குக் காவலா ஆயிரம் பேரளவில ஆமியையும் பொலிஸையும் நிப்பாட்டி அறுவடை செஞ்சாங்க. 500 பவுண் பெறுமதியான விளைச்சலுக்கு 10,000 பவுண் செலவாம்! அந்த டிசம்பரிலயே கெப்டன் அயர்லாந்தை விட்டே போயிட்டார்.

அங்க என்ன வேணும் எண்டு முதல்லயே சொல்லியாச்சு, ஊரே சேர்ந்து நிண்டுது, அந்தச் சனம் இல்லாட்டி அவருக்கு ஒரு கிழங்கும் கிண்ட ஏலாது. உங்கட ஸ்டேட்டஸ்ல இதில எது இருக்கு சொல்லுங்க?

1996 வேர்ல்ட் கப்புக்கு அவுஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் கொழும்புக்கு வரமாட்டம் எண்டு சொன்னதையும் நம்மாக்கள் பொய்கொட் எண்டுதான் சொல்றாங்க. மத்திய வங்கி குண்டு வெடிச்சு ரெண்டு கிழமைதான், அவங்க நம்மட்ட ஒண்டும் கேக்கல்ல, பயந்துட்டாங்க, அவ்வளவுதான். பொயின்ட்ஸும் நமக்கு, பிறகு லாஹூர் ஃபைனல்ல கப்பும் நமக்கு, அது வேற கதை.

யாழ்ப்பாணத்தில 1931ல நடந்தது உண்மையான பொய்கொட். வெள்ளைக்காரர் கொண்டு வந்த டொனமூர் அரசியல் திட்டத்தில சுயராஜ்யம் இல்ல எண்டு யாழ்ப்பாண யூத் காங்கிரஸ் சொல்லி, குடாநாட்டில 4 தொகுதிக்கும் ஒருத்தரும் நொமினேஷன் போடல்ல. ஆனா அரசாங்க சபை அந்த 4 பேர் இல்லாமலே நடந்துது, சீட் 1934 வரைக்கும் வெறுமையாக் கிடந்தது. மேயோவில அறுவடைக்கு ஆள் தேவைப்பட்டுது, இங்க நம்மள ஒருத்தரும் தேடல்ல.

2005 ஜனாதிபதித் தேர்தலை நான் அந்தக் கணக்கில சேர்க்கமாட்டன். யாழ் மாவட்டத்தில வோட் போட்டது 1 வீதத்துக்குக் கொஞ்சம் கூட, முழு நாட்டிலயும் மஹிந்த வெண்டது 180,786 வோட்டால. புலிகள் போகவேணாம் எண்டு சொன்ன பிறகு வீட்டில இருந்த சனத்திட்ட உங்களுக்கு விருப்பமா எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே, அதை எப்பிடி பொய்கொட் எண்டு சொல்றது?

பணிப்பகிஷ்கரிப்பு எண்டா ஸ்ட்ரைக், அதுக்கு அந்த இடத்தில வேலை செய்றவங்க மட்டும் வேலையை நிப்பாட்டினாக் காணும். வேலைநிறுத்தம் எண்டு நல்ல சொல் ஒண்டு இருக்கேக்க நம்ம ரேடியோக்காரர் ஏன் இந்த நீளச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க எண்டு எனக்கும் விளங்கல்ல, நியூஸ் வாசிக்கிற பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குது.